ஆறவைத்துக் கட்டிய சோறு

செவ்வாய்க்கிழமைகளிலும் வியாழக்கிழமைகளிலும் என் மகளின் சாப்பாட்டுப் பெட்டி போனபடியே வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் அதே பெட்டி காலியாக வரும். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இப்படியே கழிந்தன. ரொட்டி வைத்த நாளில் ஒரு துணுக்கும் மிஞ்சுவதில்லை. சோறு வைத்த நாளில் ஒரு பருக்கையும் குறைவதில்லை. இதைப் பார்க்கும் எவரும் எந்த முடிவுக்கு வருவாரோ அந்த முடிவுக்கே நானும் வந்தேன்: இவளுக்குச் சோறு பிடிக்கவில்லை. அந்த முடிவு முழுக்கத் தவறு என்பதை ஒரு நாள் காலையில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் தூணோரம் நின்று என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகிவிட்டன; இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்த வேலை என் கைக்கு வந்தது சென்ற ஆண்டில். மனைவி பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். 1972இல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டைதான் இந்தத் தீவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் காலைப் பொழுது எப்படி இருக்க வேண்டும் என்பதை இன்றைக்கும் தீர்மானிக்கிறது. அவருடைய வேலை காலை ஏழு முதல் இரவு ஏழு வரை என்று மாறியபோது, ஆறு மணிக்கே தொழிற்சாலைப் பேருந்தில் ஏற வேண்டியதாயிற்று. நான் அலுவலகத்துக்குப் போக எட்டு மணி ஆகும். ஆகவே இரண்டாம் ஆண்டில் படிக்கும் மகளை எழுப்பி, குளிப்பாட்டி, பசியாற வைத்து, பெட்டியைக் கட்டிக் கொடுத்து, 6.35க்கு வரும் பள்ளி வேனில் ஏற்றிவிடுவது என் பொறுப்பாயிற்று. நாங்கள் இருக்கும் குளுகோரில் அந்த நேரம் இருட்டாகத்தான் இருக்கும். பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டும். 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்ததிலிருந்து இப்படித்தான். என் அம்மா இன்னமும் அந்த அரை மணி நேரத்தை மறக்கவில்லை. "அப்பல்லாம் ஆறரைக்கே வெளுத்துடும். இப்ப பிள்ளைங்க ராத்திரியிலயே பள்ளிக்கூடம் போவுதுங்க" என்பார்.

கரடியும் பூக்களும்

சோறு பிடிக்கவில்லை என்று முடிவு செய்தபின், அதைப் பிடிக்க வைக்க வேண்டும் என்று இறங்கினேன். மகளுக்குச் சோறு வேண்டாத பழக்கம் ஏற்பட்டுவிடுமோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. ஜப்பானியத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கும் பெந்தோ பெட்டிகளின் காணொளிகளை இரவு இரவாகப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்து உருட்டிக் கரடித் தலையாக்கி, கறுப்புக் கடற்பாசித் தாளில் கண்ணும் மூக்கும் வெட்டி ஒட்டினேன். காரட்டைப் பூ வடிவ அச்சில் அழுத்தினேன். காடை முட்டையை அவித்து, கறுப்பு எள்ளைக் கண்ணாக வைத்துக் கோழிக்குஞ்சு செய்தேன். இதற்கெல்லாம் நாற்பது நிமிடம் பிடித்தது. ஐந்து மணிக்கு எழுந்தேன். மகள் வேனுக்குப் புறப்படும்முன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்; அந்தச் சிரிப்பு எனக்கு அன்று முழுவதும் போதுமானதாக இருந்தது. பிற்பகலில் பெட்டியைத் திறந்தால் கரடி அப்படியே கிடக்கும். மூக்கு மட்டும் ஈரத்தில் கரைந்து வழிந்திருக்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. நான்கு பக்கமும் பூட்டும் கொக்கி, மூடியின் உள்விளிம்பில் சிலிக்கோன் வளையம், ஒரு சொட்டுக் குழம்பும் கசியாத நல்ல பெட்டி. வேன் குளுகோரிலிருந்து வளைந்து வளைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். புத்தகப்பைக்குள் பெட்டி தலைகீழாகக்கூடக் கிடக்கலாம். கசியாத பெட்டிதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். சோற்றை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு அதில் நிரப்பி, ஆவி வெளியேறும்முன் மூடிவிடுவேன். சூடாக மூடினால்தான் பத்து மணிவரை கொஞ்சமாவது வெதுவெதுப்பு இருக்கும், ஆறிய சோற்றை மகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். ரொட்டி நாள்களில் சூடு இல்லை. காயா என்ற தேங்காய் ஜாம் தடவியோ சார்டின் பிசைந்து வைத்தோ வெட்டி அடுக்கி மூடினால் தீர்ந்தது. இந்த வேறுபாடு எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

மகளிடம் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். "பசிக்கலப்பா" என்பாள். "நேரம் பத்தலப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். இரண்டாவதாகச் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இருபது நிமிடம்

விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரம், திடலில் கோடு போடவும் கூடாரம் கட்டவும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆள் கேட்டிருந்தது. ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போனேன். அது ஒரு வியாழக்கிழமை. அன்று காலையிலும் கரடி செய்து அனுப்பியிருந்தேன். 10.10க்கு மணி அடித்தது. கையில் சுண்ணாம்போடு நின்ற நான், மகள் சாப்பிடுவதைப் பார்க்கலாம் என்று சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போய்த் தூணோரம் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது நல்லதாயிற்று.

ஓய்வு நேரம் இருபது நிமிடம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறது. அந்த இருபது நிமிடம் எப்படிப் போகிறது என்பதை அன்றுதான் கண்டேன். வகுப்பிலிருந்து வரிசையாக இறங்கி வர மூன்று நிமிடம். கை கழுவும் குழாய்களின் முன் நெரிசல். அங்கே நான்கு நிமிடம். இடம் பிடித்து உட்கார இரண்டு நிமிடம். கடைசி நான்கு நிமிடம் பெட்டியை மூடி, வாய் கொப்பளித்து, கழிப்பறைக்குப் போய், வரிசையில் நிற்பதற்கு. நடுவில் சாப்பிடுவதற்கென்று மிஞ்சுவது ஏழு நிமிடம்தான். ஏழு வயதும் எட்டு வயதுமான பிள்ளைகள் அந்த ஏழு நிமிடத்துக்குள் சாப்பிடவும் வேண்டும், பக்கத்துப் பிள்ளையோடு பேசவும் வேண்டும். பேசாமல் தின்னு என்று சொல்ல எனக்கு மனம் வராது. காலை ஏழரையிலிருந்து அவர்கள் மனம்விட்டுப் பேசக் கிடைக்கும் முதல் நேரம் அதுதான்.

மகள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். நான்கு கொக்கிகளையும் சுலபமாக நீக்கினாள். பிறகு மூடியின் ஓரத்தில் இரு கட்டைவிரல்களையும் கொடுத்து நெம்பினாள். மூடி அசையவில்லை. பெட்டியைத் திருப்பி மறுமூலையில் முயன்றாள். மடியில் வைத்து இழுத்தாள். பக்கத்திலிருந்த தோழி ஒரு பக்கம் பிடிக்க, இவள் மறுபக்கம் பிடித்து இழுத்தாள். பணியில் இருந்த ஆசிரியை தூரத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் மகள் ஒரு முறை அவர் பக்கம் பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவள் முகத்தில் அழுகையோ கோபமோ இல்லை. ஒவ்வொரு வாரமும் நடக்கிற ஒன்று இன்றும் நடக்கிறது என்ற அமைதி இருந்தது. கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினாள். பெட்டியைப் பைக்குள் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். தோழி நீட்டிய இரண்டு கெரோப்போக் துண்டுகளை வாங்கிக் கடித்தபடி பேசத் தொடங்கினாள்.

நான் போய்த் திறந்து கொடுத்திருக்கலாம். கால் நகரவில்லை. கடந்த எட்டு வாரங்களின் செவ்வாய்களும் வியாழன்களும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பதினாறு நாள். காலை ஆறு மணிக்கு ஒரு குவளை மைலோவும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்ட பிள்ளை, பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பும்வரை வேறெதுவும் சாப்பிடாத பதினாறு நாள். அந்த நாள்களில் நான் அவள் சாப்பாட்டு ஆசையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு மூக்கும் கண்ணும் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சீக்கிரமா எழும்பி கரடி செஞ்சீங்கல்லப்பா. தொறக்க முடியலன்னு சொன்னா நீங்க செய்யாம போயிடுவீங்க." கரடியைக் காலையில் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காக அவள் பசியைப் பொறுத்துக்கொண்டாள்.

அம்மா கேட்ட கேள்வி

அம்மா அப்போது எங்களோடு தங்கியிருந்தார். கூலிம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியும்முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மரத்தில் சூடேறுவதற்குள் பட்டையை வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குகளில் பால் நிறையும்வரை சற்று இருந்து, பிறகு வாளியோடு பால் எடுக்கக் கிளம்புவார்கள். வெட்டுக்கும் எடுப்புக்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் தூக்குச்சட்டியைத் திறப்பது. அதுவும் ஒன்பது, பத்து மணிதான்; என் மகளின் ஓய்வு நேரம். எறும்புக்குப் பயந்து சட்டியை மரக்கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள். கையெல்லாம் பால் பிசுக்கு. உட்காரக் கட்டையோ கல்லோ. நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் அம்மா அனுதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சோத்த ஆறவச்சுக் கட்டுனியா, சூடோட மூடுனியா?"

சூடோடு என்றேன். "சூடோட மூடுனா வேர்த்துக் கெட்டுப் போவும். மூடியும் பிடிச்சுக்கும். கட்டுச்சோறுன்னா ஆறவச்சுத்தான் கட்டணும்" என்றார்.

மூடி பிடித்துக்கொள்ளும் என்பதை அன்றிரவே சோதித்துப் பார்த்தேன். கொதிக்கக் கொதிக்கச் சோற்றை நிரப்பி மூடி, நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தேன். என் விரலுக்கே வலித்தது. விளிம்பு விலகியபோது 'ப்ஸ்' என்று காற்று உள்ளே போன ஓசை கேட்டது. அந்த ஓசையில் எல்லாம் விளங்கிவிட்டது. சூடான சோற்றிலிருந்து எழும் ஆவி பெட்டிக்குள்ளிருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நிலையில் காற்றுப் புகாத மூடியைப் போட்டுவிடுகிறோம். பிறகு ஆறும்போது ஆவி நீராகிச் சுவரில் வழிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. என் மகளின் பெட்டி மூடி 15 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம். உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே போதும், வெளிக்காற்று அந்த மூடியின்மேல் ஏறத்தாழ 15 கிலோ எடைக்கு ஈடாக அழுத்தும். வீட்டில் கழுவிக் காயவைத்த வெறும் பெட்டியை அவள் நூறு முறை திறந்து மூடியிருக்கிறாள். அதனால்தான் நான் ஒருநாளும் மூடியைச் சந்தேகிக்கவில்லை. ரொட்டி நாள்களில் பெட்டி திறந்ததற்கும் காரணம் இதுவே. பிள்ளைக்கு ரொட்டிமேல் ஆசையுமில்லை, சோற்றின்மேல் வெறுப்புமில்லை.

வேர்த்துக் கெட்டுப் போகும் என்று அம்மா சொன்னதிலும் பிழையில்லை. வேகவைத்த அரிசியில் கொதிநிலையையும் தாங்கிப் பிழைக்கும் பாக்டீரியா வித்துகள் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் சோறு நெடுநேரம் இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு செய்தாலும் அந்த நஞ்சில் ஒரு வகை அழிவதில்லை. மூடிய பெட்டிக்குள் சூட்டை அடைத்து வைப்பது சோற்றை அந்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் இருத்துவதாகும். அம்மா இதையெல்லாம் படித்தவர் இல்லை. அகலமான தட்டில் சோற்றைப் பரப்பி, விரலால் கிளறி, ஆவி அடங்கியபின் கட்டுவதை அவருடைய அம்மா செய்யப் பார்த்தவர். புளியோதரையில் புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகப் போவதும், வழிப்பயணச் சோற்றோடு ஊறுகாய் போவதும் வெறும் ருசிக்காக வந்தவை அல்ல. ஜப்பானியர்களும் பெந்தோவில் சோற்றை ஆறவைத்தே மூடுகிறார்கள். நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்றை வைக்கிறார்கள். நான் பார்த்த காணொளிகளிலும் மூடும்முன் ஆறவையுங்கள் என்ற வரி இருந்தது. திரும்பப் போய்ப் பார்த்தபோது கண்டேன். அவர்களிடமிருந்து கரடியை எடுத்துக்கொண்டு, ஆறவைப்பதை விட்டுவிட்டேன். என் வீட்டிலேயே வழிவழியாக இருந்த பழக்கம் அது.

சனிக்கிழமைச் சோதனை

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு புதிய வழக்கம் உருவானது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். முன்னால் கடிகாரம். அடுத்த வாரத்துக்காக நான் யோசித்திருக்கும் உணவு, காலை ஆறே காலுக்கே கட்டி மூடப்பட்ட பெட்டியில். பெட்டியை அவளே திறக்க வேண்டும். ஏழு நிமிடத்துக்குள் முக்கால் பங்கு முடிய வேண்டும். நடுவில் பாட்டியோடு பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும், ஏனென்றால் பள்ளியில் பேசுவாள். முடிந்ததும் அவள் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் நட்சத்திரம் போடுவாள். மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்தது பள்ளிக்குப் போகாது. இது அவளுக்குப் பெரிய விளையாட்டாகிவிட்டது. கரடி செய்த காலத்தில் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவள், இப்போது பெட்டியைப் பற்றிப் பேசுகிறாள், வாதாடுகிறாள், திருத்தம் சொல்கிறாள்.

முதலில் தோற்றது மீகூன் என்ற அரிசிச் சேமியா. வீட்டில் அவள் விரும்பிச் சாப்பிடுவது. ஆனால் நீளமான இழை ஆறியபின் ஒன்றோடொன்று பிணைந்து கட்டியாகிவிடுகிறது. கரண்டியில் ஏறாது, ஏழு நிமிடத்தில் கால் பங்குதான் உள்ளே போனது. "வெட்டிப் போடுங்கப்பா" என்றாள். ஊறவைத்த மீகூனைக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டி, தௌகே முளைப்பயறு, முட்டை, பொடியாக அரிந்த சாவிக் கீரை சேர்த்து, சோயா கிச்சாப்பைக் கொஞ்சமாக விட்டுக் கிளறினேன். கரண்டியில் அள்ளும்படி ஆயிற்று. மூன்று நட்சத்திரம். அன்றிலிருந்து நான் எந்த உணவையும் கரண்டியில் ஏறுமா, ஒரு வாயில் அடங்குமா என்ற கண்ணோடுதான் பார்க்கிறேன். குட்டி இட்லிக்கு முதல் இடம்: முந்தைய இரவு அரைத்த மாவு இருந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், ஆறியபின் நல்லெண்ணெயும் பொடியும் போட்டுப் புரட்டினால் கை ஒட்டாது, சட்னி சிந்தாது, விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கதை பேசலாம். தயிர்ச்சோற்றுக்குப் பாட்டியின் வழி: குழைய வடித்த சோற்றை ஆறவைத்து, பெரும்பங்கு காய்ச்சி ஆறவைத்த பாலும் ஒரு கரண்டித் தயிரும் மட்டும் விட்டுப் பிசைவது. ஆறு மணிக்குப் பால்சோறாக மூடியது பத்து மணிக்குப் புளிக்காத தயிர்ச்சோறாகத் திறக்கும். மாதுளை முத்து தூவினால் அவள் அதற்கென்றே கேட்பாள்.

ரொட்டி ஜாலாதான் அவளுக்கு மிகப் பிடித்தது. அதற்குக் காரணம் சுவை மட்டும் அல்ல. கோதுமை மாவு, முட்டை, தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை மஞ்சள் கரைத்து, அடியில் ஐந்து துளையுள்ள குவளையில் ஊற்றி, தோசைக்கல்லின்மேல் வட்டமாகச் சுழற்ற வேண்டும். வலை விழும். அந்தக் குவளையை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கையில் கொடுத்துவிடுவேன். முக்காலியில் ஏறி நின்று சுழற்றுவாள். அவள் போடும் வலையில் ஓட்டை பெரிதாகவும் சிறிதாகவும் இருக்கும். அதை மடித்துச் சுருட்டி உள்ளே உலர்ந்த உருளைக்கிழங்குப் பிரட்டலை வைத்தால், கையால் பிடித்துக் கடிக்கலாம். ஆனால் தேங்காய்ப்பால் சேர்ந்தது இந்த ஊர் வெப்பத்தில் சீக்கிரம் புளித்துப் போகும். ஆகவே பள்ளிக்கு அனுப்பும்போது தேங்காய்ப்பாலுக்குப் பதில் பாலில் கரைக்கிறேன், அன்று காலையே சுடுகிறேன். தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோற்றையும் இதே காரணத்துக்காகப் பெட்டியிலிருந்து நீக்கிவிட்டேன். வாழையிலையில் கட்டி, கடையில் வாங்கிய சூட்டோடு சாப்பிட வேண்டியதை நான்கு மணி நேரம் அடைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. அது ஞாயிறு காலையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவதற்கு உரியது.

சூடாகவே கொடுக்க வேண்டும் என்பவர்களுக்கு எஃகினால் ஆன வெப்பக் குடுவை இருக்கிறது. கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கும் உணவை வாய்வரை நிரப்பினால் நல்ல குடுவை பத்து மணிவரை சூடு காக்கும். நாங்களும் முயன்றோம். சாம்பார்ச் சோறு சூடாகவே இருந்தது. அவள் ஊதி ஊதி ஆற்றுவதிலேயே நான்கு நிமிடம் போயிற்று. குடுவையின் திருகுமூடியும் அதே போல இறுகிக்கொண்டது. பெரிய பிள்ளைகளுக்கு அது சரிவரலாம்.

பழத்தில் நேர்ந்த தவறுகளும் உண்டு. முழு ஆரஞ்சைத் தோலோடு அனுப்பினேன்; தோல் உரிக்கவே நேரம் போதாது. இப்போது சுளையாக அனுப்புகிறேன். ஆப்பிளை உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் கறுக்காது. கொய்யாவைத் துண்டாக்கி, சிறிது புளிப்புத் தூள் தூவினால், இரவுச் சந்தையில் வாங்கியது போல் இருக்கிறது என்று தோழிகளுக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறாளாம்.

பெட்டியை மாற்றிவிட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சிலிக்கோன் வளையம் இல்லாத, மேலிருந்து எடுக்கும் மூடி போட்ட சாதாரண எவர்சில்வர் பெட்டி. சௌராஸ்தா சந்தைப் பக்கத்துப் பாத்திரக் கடையில் வாங்கினேன். குழம்பு வைத்தால் கசியும். அதனால் குழம்பு வைப்பதில்லை. வேனில் குலுங்கிச் சாயாமல் இருக்க இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குகிறேன். ஒரு துணியில் சுற்றி முடிச்சுப் போடுகிறேன். பள்ளியில் அந்தத் துணியே அவளுக்கு மேசை விரிப்பு. காலையில் எனக்கு ஆகும் நேரம் இருபத்தைந்து நிமிடம். அதில் பத்து நிமிடம் சோற்றைத் தட்டில் பரப்பி விசிறியின் கீழ் வைத்துவிட்டு மகளுக்குத் தலை பின்னுவதில் போகிறது. கரடியை நான் முழுக்க விட்டுவிடவில்லை. அவள் கேட்டாள், அதனால் மாதத்தில் ஒரு நாள் உண்டு. ஆனால் கடற்பாசித் தாளைத் தனியே ஒரு சிறு உறையில் வைத்துவிடுகிறேன். கண்ணையும் மூக்கையும் அவளே பள்ளியில் ஒட்டிக்கொள்கிறாள். சில நாள் மூன்று கண் வைக்கிறாளாம். பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்களாம்.

சோற்று நாள்களில் பெட்டி இப்போது எப்போதும் காலியாக வருகிறது என்று சொல்லமாட்டேன். சில நாள் மிஞ்சும். அன்று ஏன் மிஞ்சியது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது: பிறந்தநாள் என்று ஒரு பிள்ளை கேக் கொடுத்தாள், மழை பெய்து சிற்றுண்டிச்சாலையில் இடமில்லை, கத்தரிக்காய் வழவழப்பாக இருந்தது. "பசிக்கலப்பா" என்ற ஒற்றைச் சொல் வீட்டிலிருந்து போய்விட்டது. எனக்கு அதுதான் பெரியது.

சென்ற மாதம் அம்மா சுங்கைப் பட்டாணியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார். பினாங்குப் பாலம் தாண்டிப் பேருந்தில் போய்ச் சேர எப்படியும் மதியம் ஆகும். வழியில் சாப்பிடச் சப்பாத்தி சுட்டுச் சுருட்டி வைத்திருந்தேன். மகள் தானே கட்டுகிறேன் என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அலமாரியில் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் பழைய கொக்கிப் பெட்டிதான் அளவுக்குச் சரியாக இருந்தது. சப்பாத்தி ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். அடுக்கினாள், மூடினாள், நான்கு கொக்கியும் போட்டாள். பிறகு பெட்டியைக் கொண்டுபோய், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முன் நீட்டினாள்.

"பாட்டி, இத ஒரு தடவ தொறந்து காட்டுங்க."

முப்பது ஆண்டு கத்தி பிடித்த கை அது. விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணியிருக்கும். அம்மா முதல் கொக்கியை நீக்கினார். இரண்டாவது நகரவில்லை. கட்டைவிரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மகள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சப்பாத்தியை எடுத்துத் தன்னுடைய எவர்சில்வர் பெட்டியில் மாற்றினாள். துணியில் வைத்துக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டு, அது இறுகியிருக்கிறதே என்று அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்திப் போட்டாள்.